காற்றில்லாத டயர்

போன வருடம், ஏரியைச் சுற்றி மலையேறி இறங்கும் சரளைப் பாதையில் சைக்கிள் பந்தயம் நடந்தது. முன்னால் போனவன், பாதை பிரியும் இடத்தில் இருந்த அம்புப் பலகையை ஏரிக்கு இறங்கும் செங்குத்துச் சரிவுப் பக்கம் திருப்பி வைத்தான். பின்னால் விரட்டி வந்த சைக்கிள் கடைக்காரியின் கணவர் நேராக ஏரிக்குள் போய் உயிரை விட்டார். கோப்பை அவனுக்குக் கிடைத்தது. ஊருக்கே தெரியும், சாட்சிதான் இல்லை.

ஏரியிலிருந்து எடுத்த சைக்கிளை அவள் கடைக் கொக்கியில் மாட்டியிருந்தாள். தினமும் காலையில் அதன் டயர்களில் ஈரச் சரளை ஒட்டியிருக்கும். அவளும் துடைத்து வைப்பாள்.

இந்த வருடப் பந்தயத்துக்கு முதல் நாள் அவன் வந்து நின்றான்.

"பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க அண்ணி. ஏத்தத்துல யாரோ பின்னாலயே வர்ற சத்தம் கேக்குது. திரும்பினா ஆளைக் காணோம்."

"கிட்ட வருதா?"

"இல்ல, எட்டத்துலயேதான்."

பிரேக்கை ஒரு குறையும் இல்லாமல் சரிசெய்து கொடுத்தாள். தொழிலில் அவள் வஞ்சனை செய்ததே இல்லை.

அவன் போனதும் கணவரின் சைக்கிளை இறக்கி டயரை அமுக்கிப் பார்த்தாள். பொட்டுக் காற்று இல்லை. இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா விரட்டினார் மனுஷன்? சரளைக்கு ஏற்றபடி, அவர் எடைக்குக் கணக்காகக் காற்றடித்தாள்.

"இனி எட்டிடுவீங்க," என்று சீட்டைத் தட்டிவிட்டு மாட்டினாள்.

மறுநாள் பந்தயத்துக்குப் போனவர்களில் அவன் ஒருவன் மட்டும் திரும்பவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அவள் கடையைத் திறந்தாள். கொக்கியில் இருந்த சைக்கிளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் அவனுடைய ஹெல்மெட் தொங்கியது. அதன் தாடை வார் பூட்டியது பூட்டியபடியே இருந்தது.