சவுதியில இருக்கிற தம்பி

“அடைக்கலம், இந்த ரூம் பையன் நம்ம ஜெனித் மாதிரியே இல்ல?”

செல்லதுரை இப்படிக் கேட்டதும், தலையில் பாய்க்கட்டோடு வந்த ஜெனித் வாசலிலேயே நின்றுவிட்டான். கேட்டவர் ஊரில் அடுத்த வீட்டுக்காரர். கேட்கப்பட்டவர் அவன் கூடப்பிறந்த அண்ணன், அடைக்கலசாமி.

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணுக்குக் கண் நேராகவே பார்த்தார்.

“என்னய்யா நீ! எந்தம்பி சவுதியில இருக்கான். இது யாரோ மொட்டத்தலையன். ஏம்ப்பா, பாயை அந்த ஓரமாப் போடு.”

“அதானே! சவுதியில ஏசியில இருக்கிறவன் இங்க எதுக்குப் பாய் தூக்கப் போறான்?” என்று செல்லதுரை சிரித்தார்.

ஜெனித் பாயைப் போட்டான். வேறென்ன செய்வான், பாவம்!

வேளாங்கண்ணித் திருவிழா நேரம். ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து காவி கட்டி நடந்தே வந்த கூட்டம், எத்தனையோ லாட்ஜ் இருக்க, அவன் வேலை பார்க்கிற லாட்ஜுக்கா வந்து சேர வேண்டும்?

ஜெனித்துக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஊர் பார்க்கிற பைத்தியம் ஒன்றுதான். திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் வேளாங்கண்ணி, கோடைக்குக் கொடைக்கானல் என்று லாட்ஜ் லாட்ஜாக வேலை செய்வான். சீசன் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவான். சம்பாதித்தது கரையும்வரை பஞ்சாப், ராஜஸ்தான், ஒரிசா என்று சுற்றிவிட்டு, அடுத்த சீசனுக்கு வாளியும் துடைப்பமுமாக வந்து நிற்பான்.

சவுதி என்பது அண்ணன் கட்டிவிட்ட கதை. எப்போதாவது ஊருக்குப் போனால், அண்ணன் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டிலேயே செண்ட் பாட்டிலோடு காத்திருப்பார். சட்டையில் நாலு பக்கமும் அடித்துவிட்டு, “ம், இப்ப வா” என்று கூட்டிப்போவார். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“மனுசனா அவரு?” என்று பொருமினாள், கூட வேலை செய்யும் ஷம்சாத். “கூடப்பிறந்தவனை மூஞ்சிக்கு நேரா யாரோங்கிறாரே! நீ பாத்ரூம் கழுவுறது அவருக்குக் கேவலமாப் போச்சு தம்பி. வேறென்ன?”

“விடுக்கா.”

விடச் சொன்னானே தவிர, அவனால் விட முடியவில்லை. அறை அறையாகக் கடல் மணலை அள்ளி முதுகு விட்டுப்போயிருந்தது. அந்த வலிகூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘யாரோ’ என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் முழுக்க மாதா கோவிலுக்குப் போனது. கால் கொப்புளம் என்று அண்ணன் மட்டும் தங்கிவிட்டார். நொண்டி நொண்டிப் பின்பக்கம் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

ஜெனித் ஒரு வாளி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான்.

“நான் உங்களுக்கு அவ்வளவு கேவலமாப் போயிட்டேனாண்ணே?”

அண்ணன் காலை நீரில் விட்டு, “ஸ்ஸ்…” என்றார்.

“திருட்டு வேலையா பாக்குறேன்? எனக்கு அலுத்துப்போச்சு. செல்லதுரை அண்ணன் வரட்டும், நான்தான் ஜெனித்துன்னு சொல்லிடறேன். ஆனது ஆகட்டும்.”

“சொல்லிட்டு? அஸ்ஸாம் போய் அந்தப் பெரிய ஆத்தைப் பாக்கணும்னியே, எப்படிப் பாப்ப நீ?”

“அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“லூசுப்பயலே! சவுதியில இருக்கிறவனை எவனும் எதுக்கும் கூப்பிட மாட்டான்டா. சித்தப்பா செத்ததுக்கு நீ வந்தியா? மாமா ஆஸ்பத்திரியில கெடந்தாரே, நீயா கூட இருந்த? யாராவது உன்னைக் குறை சொன்னாங்களா? ‘பாவம், அரபுக்காரன் லீவு தரமாட்டான்’னு ஊரே உனக்காக உச்சுக் கொட்டுது. வேளாங்கண்ணியிலதான் இருக்கேன்னு தெரிஞ்சுது, தொலைஞ்ச! காலையில பஸ் ஏறுனா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம். கல்யாணம், சாவு, கோவில்ல புள்ளைங்களுக்குப் புதுநன்மை, வாய்க்கால் தகராறு… நீ எந்த ரயிலு ஏறுவ?”

ஜெனித் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷம்சாத் அக்கா சொன்னதை நம்பிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இதெல்லாம் தனக்கு ஏன் தோன்றவே இல்லை?

அண்ணனின் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் ஆறாமல் கிடந்தது.

“இப்ப நாத்து விட்டாச்சாண்ணே?”

“ஆச்சு. ஆளு எங்கடா கெடைக்குது? எல்லாப் பயலும் திருப்பூருக்கும் துபாய்க்கும் போயிட்டான். நானும் உங்க அண்ணியுந்தான் அல்லாடுறோம்.”

ஜெனித் வாளிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“ஊருக்காகச் சொல்றீங்க, சரி. இப்ப இங்க யாரும் இல்லையேண்ணே. எனக்குன்னு ஒரு வார்த்தை, ‘நீயும் வந்து ஒரு கை பிடிடா’ன்னு சொல்லக் கூடாதா? ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே நீங்க!”

அண்ணன் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஊருக்காக மட்டும் சொல்றதில்லடா அது. நடவு நேரத்துல இடுப்பு விட்டுப்போறப்பல்லாம் எனக்கு நானே சொல்லிக்குவேன், ‘தம்பி சவுதியில இருக்கான்’னு. இல்லேன்னா, உன்னை முதல்ல கூப்பிடுற ஆளு நானாத்தான்டா இருப்பேன்.”