பத்திரிகையில் இடமில்லை

அவள் விரல்கள் பெரியப்பாவின் பிடரிக்கு அடியில் இருந்தன.

மல்லாந்து கிடந்தார் பெரியப்பா. டாக்டர் ஆவுடையப்பன், அறுவை சிகிச்சை நிபுணர், ஓய்வு.

மூன்று நாளாகக் கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் நின்று யாராவது வணக்கம் வைத்தால் நாற்காலியோடு திரும்புகிறார். ஊசி, மாத்திரை, கழுத்துப் பட்டை எல்லாம் தோற்ற பிறகுதான் இவளைக் கூப்பிட்டார்.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு.

மேசையில் அவளுடைய கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

திருநெல்வேலிப் பக்கம் படிப்பைப் போடாமல் பத்திரிகையில் பெயர் வராது. மாப்பிள்ளைக்கு இரண்டு பட்டம். அவர் தங்கைக்கு ஒன்று. இன்னும் பரீட்சை எழுதவில்லை. பெரியப்பாவுக்கு மூன்று வரி. கடைசி வரி, மனமகிழ் மன்றத் தலைவர், இரண்டு முறை.

மணப்பெண் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் நாலு வருஷம் ஆஸ்டியோபதி மருத்துவம். அப்புறம் மூன்று வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அங்கே அவள் மருந்து எழுதுகிற டாக்டர்தான். கூடுதலாகக் கையாலும் வைத்தியம் செய்வாள்.

அந்தக் கூடுதல்தான் பெரியப்பாவுக்குக் குறைச்சல். விமானம் ஏறிப்போய்ப் புத்தூர் கட்டு படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஊர் சிரிக்குமாம். அப்பாவிடம் அதைச் சொல்லாமல், பத்திரிகையில் இடமில்லை என்றார். தன் அண்ணன் சொன்னால் அப்பா தலையாட்டுவார். ஆட்டினார்.

அவள் கேட்டது பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் ஒன்றைத்தான். நகை கூடக் கேட்கவில்லை.

கண்ணை மூடினாள். விரல் நுனியில் தசை முறைத்துக்கொண்டு நின்றது. அவள் இழுக்கவில்லை. திருப்பவில்லை.

காத்திருந்தாள்.

பெரியப்பாவும் காத்திருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு, ‘சடக்’ என்ற சத்தத்துக்காக.

“ஏட்டி, எப்பதான் ஆரம்பிப்ப?”

முக்கால்வாசி முடிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் நிபுணர் குறட்டை விட்டார்.

விழித்ததும் எழுந்து உட்கார்ந்தார். வலப்பக்கம் திரும்பினார். சன்னல். இடப்பக்கம். மறுபடியும் சன்னல், சும்மா ஒரு தடவை.

நல்ல தூக்கம் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

அவள் கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது பெரியப்பா புரூஃபின் மேல் குனிந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. தன்னுடைய மூன்று வரிகளின் மேலும் கீழும் அது அலைந்தது. எதையும் விட மனசில்லை.

கடைசியில் மனமகிழ் மன்றத்தை அடித்தார்.

நிமிரவில்லை.

“ஒம் படிப்புக்கு எத்தன எழுத்துட்டி?”