உத்தரவுப்படி சமம்

“அப்பா, உங்களுக்குப் பேரே கிடையாதா? எல்லாரும் ஐயா, ஐயான்னுதானே கூப்பிடுறாங்க?”

மகள் தமயந்தி என்றைக்கோ கேட்ட கேள்வி இது. ஆறு மாதப் பயிற்சிக்கு அமெரிக்கா போய் வந்த பிறகுதான் குமாரவேலுக்கு அது உறைத்தது. அங்கே பண்ணை முதலாளியைக் கூலியாட்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்!

கொடைக்கானல் மலையில் வில்பட்டிக்கு மேலே இருந்த விதைக்கிழங்குப் பண்ணைக்குக் குமாரவேல்தான் மானேஜர். திரும்பி வந்த மறுநாளே பலகையில் அறிவிப்பு ஒட்டினார். ‘இனி இங்கே ஐயா கிடையாது. காலையில் பேர் கொடுக்கும்போது வணக்கம், குமாரவேல் என்று சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் சமம். இது என் உத்தரவு.’

குமாஸ்தா சின்னச்சாமி மப்ளரை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகட்டி, குனிந்து, “வணக்கம், குமாரவேல்” என்றார். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டார். “வணக்கம், குமாரவேலுங்க” என்ற காளியாயியை, அந்த ‘ங்க’ உதிரும்வரை நாலு தடவை சொல்ல வைத்தார் மானேஜர்.

வாரக் கடைசிக்குள் பண்ணை முழுக்கச் சமமாகிவிட்டது. மிச்சம் நின்றது சிவபாக்கியம் ஒருத்திதான்.

கிழங்கு பிரிக்கிற கொட்டகையில் பத்து வருஷமாக வேலை செய்பவள். புருஷன் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து படுக்கையில் கிடந்தான். அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

“ம், சொல்லும்மா.”

“வணக்கம்ங்க.”

“வணக்கம்... அப்புறம்?”

“வேற என்ன வேணாலும் சொல்லச் சொல்லுங்க. அது மட்டும் என் வாயில வராதுங்க.”

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சாக்குப்போக்கு வேண்டாம்!” என்று அதட்டினார் குமாரவேல். “இதுதான் அடிமைப் புத்தி. நாளைக்கு வெள்ளனே வந்து பேரைச் சொல்லு. இல்லேன்னா வேற சோலி பாத்துக்க.”

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அவளை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைத் தயாராக எழுதியும் வைத்துக்கொண்டார்.

“தமயந்தி, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி லீலா. அவர் கடிதமும் கையுமாகவே வந்து உட்கார்ந்து, நடந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

லீலாவின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அவர் கடல் கடந்து போயிருந்தபோது தமயந்திக்குக் கடுங்காய்ச்சல். கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிவரை நடந்தவள் சிவபாக்கியம். பதிலுக்கு ஒரு பழம் புடவையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“அவ வீட்டுக்காரருக்கும் உங்க பேருதாங்க” என்றாள் லீலா மெதுவாக.

குமாரவேல் ஒரு கணம் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

“இருந்தா என்ன? பேரு எதுக்கு இருக்கு, கூப்பிடத்தானே? அமெரிக்காவுல பெண்டாட்டிங்க எல்லாம் புருஷனைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க. அங்க எந்தக் குடும்பம் முழுகிப்போச்சு?”

தமயந்தி வாசலில் விளையாட ஓடியிருந்தாள். லீலாவின் மாமியார் கந்தம்மாள் பூஜை அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ‘பழனியாண்டவரே, பொறுத்துக்கும்’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, லீலா ஒரு தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

“பேசாமச் சாப்பிடு, குமாரவேல். தோசை ஆறுது.”

அவர் தட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். கண் முதலில் போனது பூஜை அறைப் பக்கம்.

“அடியே, மெதுவா! அம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“சிவபாக்கியத்துக்கும் மாமியார் இருக்காங்க.”

குமாரவேல் குனிந்து, அந்தக் கடிதத்தைத் தாமே அடுப்புக்குள் தள்ளினார். அது எரிந்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இது பண்ணையில யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“எதுங்க?” என்றாள் லீலா.