ஈயக்கட்டியின் சாட்சி

"யாருக்காவது கையுறை குறையுதா? கண்ணாடி, பேனா, மோதிரம்? எல்லாரும் பாக்கெட்டைத் தட்டிப் பாருங்கப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினார் கம்பியார்.

மெல்லிய இரும்புக் கம்பியில் கருவிகளைக் கட்டி எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குவதும் ஏற்றுவதும்தான் அவர் பிழைப்பு. பெயரும் அதனால் வந்ததே. இன்றைக்குப் பார்த்து, இறக்கிய கருவி ஒரு மாடி உயரம்கூடப் போகாமல் 'டொக்' என்று நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப இறக்கியும் அதே டொக். உள்ளே என்னமோ விழுந்து கிடக்கிறது.

"ஸ்பானர் எல்லாம் பத்திரமா இருக்குண்ணே," என்றான் அவருடைய கூட்டாளி மொட்டை. "சுத்தியல் இருக்கு, போல்ட்டு இருக்கு, என் சீப்புகூட இருக்கு."

"உனக்கு எதுக்குடா சீப்பு?"

"ஒரு நம்பிக்கைதாண்ணே."

வேறு நாளாக இருந்தால் கம்பியார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பாவம், இன்றைக்கு அவர் பிழைப்பே ஊசலாடிக்கொண்டிருந்தது. பல வருஷமாக ஒப்பந்தக் கூலி. அவர் வேலையை நேரில் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று சொல்லத்தான் தலைமையகத்திலிருந்து பெரிய சார் வந்திருக்கிறார். கம்பியாரின் மனைவியோ, வேலை கிடைத்தேவிட்டது என்று தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டுவிட்டாள். இனி அந்த மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது?

காலையில் பெரிய சார் பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! கிணற்றின் மேல்மூடியைக் கழற்றியபோதும் விடவில்லை. மேடையில் ஏறி, திறந்த குழாயைக் குனிந்து குனிந்து காட்டி முழங்கினார்.

"இதுக்குள்ள ஒரு குண்டூசி விழுந்தாலும், அதுக்குக் காரணமானவன் அன்னிக்கே மூட்டையைக் கட்டிடணும்! புரிஞ்சுதா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மனிதர் வாயே திறக்கவில்லை. கருவி முட்டிக்கொண்டபோது எல்லோரும் வசவுக்குக் காத்திருந்தார்கள். அதுவும் வரவில்லை.

"திட்டிட்டாக்கூடப் பரவாயில்லடா," என்று முணுமுணுத்தார் கம்பியார். "சும்மா நிக்கிறதுதான் பயமா இருக்கு."

"கைக்குட்டையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. எடுத்தா அத்தனையும் கெட்ட வார்த்தையா கொட்டும்ணே."

"சாப்பிட்டாரா?"

"தட்டைத் தள்ளிட்டாரு. டீ மட்டும் குடிச்சாரு. அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

"என் மூஞ்சியைப் பார்த்தா டீகூட இறங்கலை போல," என்று பெருமூச்சு விட்டார் கம்பியார். "சரி, ஈயக்கட்டியை மாட்டு."

அது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். உள்ளே கிடப்பது என்னவென்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், கம்பி நுனியில் மெத்தென்ற ஈயக்கட்டி ஒன்றை மாட்டி இறக்கி, மெல்ல ஒரு இடி இடிப்பார்கள். கிடக்கும் பொருளின் வடிவம் ஈயத்தில் அப்படியே பதிந்து வரும். ஸ்பானர் என்றால் ஸ்பானர், பேனா என்றால் பேனா.

ஈயக்கட்டியைக் கண்டதும் பெரிய சார் குடுகுடுவென்று ஓடி வந்தார். 'கூடாது, கூடாது' என்று தலையை ஆட்டினார். ஒரு கையால் கைக்குட்டையைப் பிடித்தபடி, மறுகையால் வாசல் கேட்டைக் காட்டினார்.

"உங்களைக் கிளம்பச் சொல்றாருண்ணே," என்று மொட்டை காதைக் கடித்தான்.

கம்பியாருக்குக் கண் கலங்கியது. அப்புறம் என்ன தோன்றியதோ, நிமிர்ந்துவிட்டார்.

"சார், மூடியைக் கழட்டினவன் நான். பொறுப்பு என்னோடதுதான். போன்னா போயிடுறேன். ஆனா எதுக்காக வேலை போச்சுன்னு என் பொண்டாட்டி கேப்பா. அதுக்குப் பதில் தெரியாம நான் அந்த வீட்டுக்குள்ள காலை வைக்க முடியாது. நீங்க எங்க வீட்டுக்கு வந்ததில்ல சார், உங்களுக்குத் தெரியாது."

"ம்ம்! ம்ம்ம்!" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார் பெரிய சார். கம்பியார் அந்த விரல்களை மரியாதையாக ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, விசையைத் தள்ளினார்.

கம்பி இறங்கியது. டொக். மெல்ல ஒரு இடி. கம்பி ஏறியது. வால்வை மூடி, குழாயைப் பிரித்து, ஈயக்கட்டியைத் துணியால் துடைத்த மொட்டை அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா, ஸ்பானரா?"

"இல்லண்ணே."

"போல்ட்டா?"

"அண்ணே... கிணறு நம்ம கட்டியைக் கடிச்சு வெச்சிருக்குண்ணே."

கம்பியார் பிடுங்கிப் பார்த்தார். முன்பல் தொடங்கிக் கடைவாய் வரைக்கும், அழகான வளைவாக ஒரு முழு வரிசை ஈயத்தில் பதிந்திருந்தது.

"எல்லாரும் இப்படி வாங்கப்பா. ஒரு தடவை ஈன்னு இளிங்க!"

மொட்டை இளித்தான். கிரேன்காரர் இளித்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்து இளித்தார். இளித்த வாய் மூடாமல் எல்லோரும் ஒரே பக்கம் திரும்ப, பெரிய சார் மெல்லக் கைக்குட்டையை எடுத்து, பால்குடிக் குழந்தைபோலக் குழறினார்: "ஹம்பி, உங்க வேலை நிரந்ஹரம்... அஹை எடுத்து, ஹுத்தமா கழுவிக் குடுத்துடுங்க."