படத்தின் முதுகில் ஒரு ரேகை

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனால் முந்நூறு வருஷத்து டச்சுப் படத்தையும் நேற்று அடித்த போலியையும், தாளை வெளிச்சத்தில் பிடித்தே சொல்லிவிடுவேன். யாங்கோனில் வேறு யாருக்கும் அது கைவராது. நான் வாங்கும் படத்தின் பின்னால் இடது கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பேன். கையெழுத்தை எவனும் போடுவான். படச்சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டும்போது கிழிந்த தழும்பு குறுக்கே ஓடும் இந்த ரேகையைப் போட முடியாது.

சென்ற மாதம் போட்டாதாங் பேட்டையில் நடந்த ஏலத்துக்கு டச்சுக் கப்பலை வரைந்த பழைய படம் ஒன்று வந்தது. மதிப்புப் போடும் தேவராஜ் எல்லார் எதிரிலும் சட்டத்தைப் பிரித்தான். துருவேறிய ஆணிகள் ஒடிந்தன. படத்தின் முதுகில் ஒரு ரேகை இருந்தது. குறுக்கே தழும்பு.

“என்ன பாய், ஏலத்துக்கு முன்னாடியே உங்களுதாக்கிட்டீங்களா?” என்றான் தேவராஜ்.

எல்லாரும் சிரித்தார்கள். படத்தைக் கெடுத்தவன் என்று பேராகிவிட்டால், என்னை மறுபடி ஏலத்தில் உட்கார விடமாட்டார்கள்.

“ஆணிய ஒடிச்சது நீ. அதுக்கு முன்னாடி நான் எப்ப சட்டத்துக்குள்ள கைய விட்டேன்?” என்றேன்.

அவன் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“இந்த மை தாளையே அரிச்சிருக்கு பாய். இருநூறு வருஷமாவது ஆகியிருக்கும்.”

சிரிப்பு நின்றது. யாரும் விலை கேட்கவில்லை. நானே எடுத்தேன்.

வீட்டில் மைப்பெட்டியைத் திறந்தேன். ரேகை வலது மூலையில், நான் வைக்கிற மாதிரியே சற்றுச் சாய்ந்து இருந்தது. பெட்டியை மூடிவிட்டேன். என் படத்தில் இரண்டாம் தடவை ரேகை வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை.