வெளிச்சமான அறை

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க. உள்ள குழந்தைங்க இருக்கு” என்றார் தக்காளி சார்.

குழந்தைகள் என்று அவர் சொன்னது கத்தரி, மிளகாய், தக்காளி, கீரைத் தொட்டிகளை.

குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் பயபக்தியோடு நுழைந்தார்கள். வருடம் முழுக்க வீட்டுக்குள்ளேயே காய்கறி காய்க்க வைக்கும் வித்தையைப் பார்க்க வந்தவர்கள். வெளியே ஒரு வாரமாக வெயிலைக் காணோம். இங்கே தக்காளிகள் கன்னம் சிவந்து தொங்கின.

அடுக்குத் தட்டுகள், வெயிலுக்குப் பதிலாக ஊதா விளக்குகள். செடிக்குப் புழுங்கக் கூடாதென்று ஒரு குட்டி மின்விசிறி.

சார் ஓய்வு பெறும் வரை காப்பீட்டு அலுவலக மேலாளர். அங்கே யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. இப்போது மிளகாய்ச் செடியிடம் குனிந்து, “தண்ணி குடிச்சியாம்மா?” என்று கேட்டபோது வாயெல்லாம் பல்லாக இருந்தது.

செடிக்கு வேண்டியது உரம் இல்லை, பிரியம் என்றார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வந்து பேச வேண்டுமாம். ஒருநாள் பேசாவிட்டாலும் முகம் வாடிப்போகுமாம்.

சங்கச் செயலாளர் அம்மாள் உருகியே போனார்.

பொருளாளர் உருகுகிற ஆள் இல்லை. கேட்காமலே ஒரு தக்காளியைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, அகலமான ஜன்னலை அளந்து பார்த்தார்.

“இவ்வளவு வெளிச்சமான ரூம்! முன்னாடி இதுல யாரு இருந்தாங்க?”

கத்தரி இலையைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்த சாரின் கை நின்றது.

“எங்க அம்மா.”

அவ்வளவுதான் சொன்னார்.

மிச்சத்தை மற்றவர்களே முடித்துக்கொண்டார்கள். செயலாளர் அம்மாள் உச்சுக்கொட்டினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாயின் நினைவாக ஓர் அறை நிறையச் செடி வளர்க்கிற பிள்ளை! அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே, ஒரு துளசிக்குத் தண்ணீர் ஊற்ற உடம்பு வளைவதில்லை.

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லோரும் தக்காளிச் செடியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்கள். கூப்பிய கையைக் கீழே இறக்கச் சொல்வதற்கும் ஒரு மனது வேண்டும். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தது அவருக்கு நன்றாகவே பொருந்தியது.

அப்போதுதான் வாசற்படியில் மனைவி நிற்பதைக் கவனித்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கையில் போன், ஸ்பீக்கரில் இருந்தது.

“அத்தை பேசறாங்க. இந்த மாசமாவது முதியோர் இல்லத்துக்கு வந்து பாப்பீங்களான்னு கேக்கறாங்க.”

பொருளாளருக்கு வாயிலிருந்த தக்காளியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“வேலையா இருந்தா பரவாயில்லப்பா” என்றது போன். “செடியெல்லாம் நல்லா இருக்கா?”