கோட்டில் ஒரு பள்ளம்

அறையில் இருந்தவர்கள்: கணினி முன் இன்ஜினியர் அருளப்பன், கம்பிகளை இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தை ஓட்டும் செங்கமலம், அதில் இழுபட்டு இரண்டாய் அறுந்த கம்பி. திருவிழா ராட்டினத்தைத் தாங்கப்போகும் இரும்பு அது. மாலைக்குள் ஒப்புதல் கேட்டிருந்தார் முதலாளி. சோதனை அளவுகளை மென்பொருளில் ஏற்றும்போது வரைபடக் கோட்டில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. பிசிறு என்று அருளப்பன் அழிக்கப் போனான்.

"கைய எடுங்க சார். இழுக்கையில அந்த எடத்துல கம்பி 'டிக்'னுச்சு."

"இந்த மெஷின் எரைச்சல்லயா கேட்டுச்சு?"

"பத்தொம்பது வருசமா இதுகூடத்தான குடித்தனம் பண்றேன்."

பள்ளத்தை அழித்து ஏற்றினான், திரையில் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தது. பள்ளத்தோடு ஏற்றினான், ஏழாவது சுற்றில் முறிந்தது. அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி நம்பணுமேக்கா."

"நான் சொல்லிக்கறேன்."

அறுந்த கம்பியோடு முதலாளி அறைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, பூட்டு 'டிக்' என்றது. இந்த முறை அவனுக்கும் கேட்டது.